அமுக்கரா கேப்சூல் எல்லோருக்கும் ஆகுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமுக்கரா என்றும் அஸ்வகந்தா என்றும் சொல்லப்படும் மூலிகையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். மதுரை வாசகிக்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதையும் சேர்த்திருக்கிறோம்.

ஐ.டி. வேலை. இரவு 2 மணி வரை தூக்கம் வருவதில்லை. ஜிம் நண்பர் அஸ்வகந்தா கேப்சூல் 600 மி.கி. தினமும் இரண்டு போடச் சொல்கிறார். அம்மாவோ, "அது நம்ம அமுக்கராதானே, சூரணமாவே பாலில் கலந்து குடி" என்கிறார். இரண்டும் ஒன்றா? எத்தனை நாள் சாப்பிடலாம்?
வாசகர், கோவை

செடி ஒன்றுதான், உள்ளே போகும் சரக்கு வேறு. சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்தில் அமுக்கரா மட்டும் இருப்பதில்லை. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரு மடங்காகப் போகும். கூட்டிப் பார்த்தால் 255 பங்கு. அதில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. அம்மா கலக்கும் ஒரு டீஸ்பூன் சூரணம் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், அமுக்கரா வேர் சுமார் ஒன்றேகால் கிராம் போகிறது.

கேப்சூலில் இருப்பது பெரும்பாலும் வேரின் சாறெடுத்து, வற்றவைத்துச் செறிவாக்கிய எக்ஸ்ட்ராக்ட். இதன் வீரியத்தை விதானோலைடு என்ற பொருளின் அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சாதாரண வேர்ப்பொடியில் அது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். அரை சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் ஒன்றேகால் கிராம் வேரில் 6 மி.கி. 5 சதவீத எக்ஸ்ட்ராக்ட் 600 மி.கி.யில் 30 மி.கி. நண்பர் சொல்வதுபோல இரண்டு போட்டால் 60 மி.கி. அம்மா கொடுப்பதைப்போலப் பத்து மடங்கு! "பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் கேப்சூலுக்குப் பொருந்தாது. அந்தப் பாட்டி இந்தச் சரக்கைச் சாப்பிட்டதே இல்லை.

தூக்கம், மனப்பதற்றம் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட அளவு 300 மி.கி. காலை, 300 மி.கி. இரவு, ஆக நாளுக்கு 600. கால அளவு 8 முதல் 12 வாரம். அதற்கு மேல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் தரமான ஆய்வுகள் மிகக் குறைவு. ஆகவே 1,200 மி.கி. வேண்டாம். தூக்கத்தில் கிடைத்த முன்னேற்றமும் சிறிய அளவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு நோய் இல்லை, வேறு மாத்திரை இல்லை என்றால் 300 மி.கி. ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் நிறுத்திவிடுங்கள். தெரிந்தாலும் மூன்று மாதத்தோடு நிறுத்துங்கள். மாலை 4 மணிக்குமேல் காபி குடிக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் முதலில் அதை விட்டுப் பாருங்கள், அதற்குச் செலவே இல்லை.

என் வீட்டுக்காரருக்கு 46 வயது. அஸ்வகந்தா மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. பத்து நாளாக உடம்பெல்லாம் அரிப்பு, முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போகிறது. "மருந்து சூடு, மோர் குடித்தால் சரியாகும்" என்கிறார். மாமியார் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். சரியாகிவிடுமா?
வாசகி, மதுரை

இது சூடு அல்ல. கல்லீரல் பாதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். நாளைக்குள் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

அஸ்வகந்தாவால் வரும் கல்லீரல் பாதிப்பு அரிது, ஆனால் வரும் விதம் இப்போது நன்றாகத் தெரிந்த ஒன்று. ஆரம்பித்த 2 முதல் 12 வாரத்துக்குள் தலைகாட்டும். முதலில் பசி குறையும், குமட்டும். பிறகு அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம், கடைசியாகக் கண்ணில் மஞ்சள். பித்தநீர் கல்லீரலிலிருந்து வடியாமல் தேங்குவதால்தான் அரிப்பு இவ்வளவு கடுமையாக இருக்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப் பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2020-இல் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது; ஐவரும் தேறினார்கள். 2023-இல் இந்திய மருத்துவர்கள், அஸ்வகந்தாவை மட்டுமே சாப்பிட்டுப் பாதிக்கப்பட்ட எட்டுப் பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் மூன்று பேர் இறந்துபோனார்கள். மூவருக்கும் ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. கொழுப்புக் கல்லீரல், மதுப்பழக்கம், பழைய மஞ்சள் காமாலை எதுவும் உங்கள் கணவருக்கு இருந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டிய பரிசோதனைகள்: மொத்த பிலிருபின், நேரடி பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ், ஆல்புமின், கூடவே ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி./ஐ.என்.ஆர். கடைசியாகச் சொன்னதை லேபில் பல நேரம் "லிவர் பங்ஷன் டெஸ்ட்" தொகுப்பில் சேர்ப்பதில்லை. தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். கல்லீரல் வேலை செய்கிறதா, தளர்ந்துவிட்டதா என்பதைக் காட்டுவது அதுதான். பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேன், வைரஸ் காமாலைகளான ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ பரிசோதனைகள் ஆகியவையும் தேவைப்படும். மற்ற காரணங்களை விலக்கிய பிறகே பழியை மருந்தின்மேல் போட முடியும். மாத்திரை டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டினாலோ, அவர் பகலில் தூங்கிவழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, வயிறு உப்பினாலோ வெளிநோயாளியாகக் காத்திருக்க வேண்டாம். கல்லீரல் சிறப்புப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போய்விடுங்கள்.

மாத்திரையை நிறுத்திய பிறகும் ஓரிரு வாரம் பிலிருபின் ஏறலாம். அதைப் பார்த்துப் பயந்து மருந்து மேல் மருந்து மாற்ற வேண்டாம், வாரம் ஒருமுறை அளந்துகொண்டே வந்தால் போதும். முழுதாக வடிய ஒன்று முதல் நான்கு மாதம் ஆகும். கீழாநெல்லியைப் பற்றி: அதுவும் உடம்புக்குள் போகும் ஒரு மருந்து. எது பாதித்தது, எது குணமாக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்; அதைவிட, நாலு நாள் அதை நம்பிக் காத்திருப்பதுதான் ஆபத்து. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தப் பாதிப்பு அளவு கூடியதால் மட்டும் வருவது அல்ல. சரியான அளவு சாப்பிட்டவருக்கும் வந்திருக்கிறது. குணமான பிறகு "பாதி மாத்திரை", "வேறு கம்பெனி" என்று அவர் மறுபடி தொடவே கூடாது. இரண்டாவது முறை முதல் முறையைவிட வேகமாகவும் கடுமையாகவும் தாக்கக்கூடும்.

தைராய்டு குறைவுக்கு தைராக்ஸின் 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். அஸ்வகந்தா தைராய்டுக்கு நல்லது என்று யூடியூபில் சொல்கிறார்கள். சேர்த்துச் சாப்பிடலாமா?
வாசகி, சேலம்

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, உங்களுக்குச் சிக்கலும் அங்கேதான். ஆரம்பநிலை தைராய்டு குறைவு உள்ள 50 பேரிடம் நடந்த, 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் நாளுக்கு 600 மி.கி. எட்டு வாரம் கொடுத்தபோது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். இறங்கியது, தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4 ஏறின. மாத்திரையே சாப்பிடாதவருக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே 75 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதன்மேல் இதுவும் தூண்டினால் தைராய்டு அதிகமாகிவிடும்: படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கம் கெடுவது. தூக்கத்துக்காக ஆரம்பித்த மருந்தே தூக்கத்தைக் கெடுக்கும்.

எங்கள் யோசனை, வேண்டாம். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.ஹெச். பாருங்கள், நிறுத்தினாலும் அதே இடைவெளியில் ஒருமுறை. நீங்களாகத் தைராக்ஸின் அளவைக் குறைக்காதீர்கள்.

சூரணமாகப் பாலில் சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாலில் உள்ள கால்சியம் தைராக்ஸின் உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரை காலை 6 மணிக்கு என்றால் பால் 10 மணிக்கு மேல். மேலும், பெண்களுக்கென்று விற்கும் சில அஸ்வகந்தா கலவைகளில் முடி வளர பயோட்டின் சேர்த்திருப்பார்கள். பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். தைராய்டு அதிகம் என்று சிகிச்சை எடுப்பவர்கள் அஸ்வகந்தாவின் பக்கமே போகக்கூடாது.

கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். கணவரும் நானும் சேர்ந்தே அஸ்வகந்தா சாப்பிடலாமா?
வாசகி, திருச்சி

நீங்கள் வேண்டாம். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் கூடாது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முயற்சியில் இருக்கும்போது கரு தங்கியது தெரிவதற்கே நாலைந்து வாரம் ஆகும். அந்த வாரங்களும் கர்ப்பம்தான். கணவருக்கு விந்தணு குறைவு என்று பரிசோதனையில் வந்திருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் மூன்று மாதம் பார்க்கலாம். பரிசோதனையே செய்யாமல் மாத்திரையில் ஆரம்பிப்பது வீண்.

மகள் டென்மார்க்கில் இருக்கிறாள். போகும்போது அமுக்கரா மா கொஞ்சம் கொண்டுபோகலாம் என்று இருந்தேன். அங்கே தடை, கொண்டுவர வேண்டாம் என்கிறாள். உண்மையா? அப்படி என்ன நஞ்சு அது?
வாசகர், யாழ்ப்பாணம்

மகள் சொல்வது சரி. டென்மார்க் 2023-இல் உணவுப்பொருளில் அஸ்வகந்தா சேர்ப்பதைத் தடை செய்தது. அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-இல் கொடுத்த மதிப்பீடுதான் அடிப்படை. தைராய்டு, பாலியல் ஹார்மோன்களில் மாற்றம், கருச்சிதைவு ஆகியவை குறித்த ஐயங்கள் அதில் இருந்தன. எந்த அளவு வரை பாதுகாப்பானது என்று வரையறுக்க முடியாததால் முழுதாகவே விலக்கினார்கள்.

நஞ்சு என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த மதிப்பீடு வேரையும் இலையையும் ஒன்றாகப் பார்த்தது, விலங்குச் சோதனைகளை அதிகம் நம்பியது என்ற விமர்சனம் உண்டு. எங்களுக்கும் அது ஓரளவு நியாயமாகப் படுகிறது. ஆனாலும் யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்காமல் கடையில் மிட்டாய் போல விற்பதைத் தடுக்க ஒரு நாடு நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் வைக்க வேண்டாம், விமான நிலையத்தில் வீண் கரைச்சல்.

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்பார்மின்; பிரஷருக்கு ஆம்லோடிபின்; இரவில் அல்பிரஸோலம். அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். முட்டிவலிக்கு அமுக்கராச் சூரணம் தொடரலாமா?
வாசகர், தஞ்சாவூர்

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். மயக்க மருந்தோடு சேர்ந்து மந்தம் கூடும், பிரஷர் இறங்கும். நிறுத்தியதை மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும். "வேற மருந்து ஏதாவது?" என்று அவர் கேட்கும்போது சூரணம், லேகியம், கஷாயம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம். பலர் அவற்றை மருந்தாகவே எண்ணுவதில்லை.

ஆபரேஷன் முடிந்து மறுபடி ஆரம்பிப்பதிலும் எங்களுக்குச் சம்மதமில்லை. கிளிமிபிரைடு சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை. அமுக்கராவும் கொஞ்சம் இறக்கும். இரண்டும் சேர்ந்த நாளில் அவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்து, நடுங்கி, தலை சுற்றும். இன்னொரு பக்கம், மேலே சொன்னபடி சூரணத்தில் பாதி சர்க்கரை. ஆக, ரத்தச் சர்க்கரை எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கவே முடியாது. அல்பிரஸோலத்தோடு சேர்ந்தால் தூக்கக் கலக்கம் கூடி, இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது விழும் ஆபத்து உண்டு. 68 வயதில் ஒரு இடுப்பெலும்பு முறிவுக்கு முன்னால் முட்டிவலி ஒன்றுமே இல்லை.

சூரணத்தில் உள்ள மிளகும் திப்பிலியும் சும்மா இருப்பதில்லை. அவற்றில் உள்ள பைப்பரின் சில மாத்திரைகள் ரத்தத்தில் ஏறும் அளவைக் கூட்டும். வலிப்புக்கான பெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், படபடப்புக்கான புரோப்ரனலால் சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவருக்கு வேறு தொல்லை: டிகாக்ஸின் அளவைப் பார்க்கும் சில ரத்தப் பரிசோதனைகளில் அஸ்வகந்தா குறுக்கிட்டுத் தவறான எண்ணைக் காட்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், முடக்குவாதம் போன்றவற்றுக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோர் அறவே தவிர்க்க வேண்டும்.

டப்பாவில் எதைப் பார்த்து வாங்குவது? நாட்டு மருந்துக்கடையில் கிழங்காக வாங்கி வீட்டிலேயே அரைப்பது மேல் அல்லவா?
வாசகர், விருதுநகர்

முதலில் "வேர் மட்டும்" என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இலையில் விதாஃபெரின் ஏ என்ற பொருள் வேரில் இருப்பதைவிட அதிகம். அது செல்களைக் கொல்லும் தன்மை உள்ளது. இலை விலை மலிவு, விதானோலைடு எண்ணையும் உயர்த்திக் காட்டும். அதனால் கலக்கிறார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில், இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்துமாறு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. "முழுச் செடி" என்றோ, எந்தப் பாகம் என்றே சொல்லாமலோ இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து, விதானோலைடு எத்தனை சதவீதம் என்பது. "10:1 எக்ஸ்ட்ராக்ட்" என்று மட்டும் இருந்தால், பத்து கிலோ வேரிலிருந்து ஒரு கிலோ எடுத்தார்கள் என்றுதான் அர்த்தம். வீரியம் எவ்வளவு என்று அது சொல்லாது. 5 சதவீதம் ஓடும் சந்தையில் 35 சதவீத சரக்கும் இருக்கிறது. அதை 5 சதவீதக் கணக்கில் 600 மி.கி. போட்டால் ஏழு மடங்கு. அளந்த முறை ஹெச்.பி.எல்.சி. (பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஆய்வக முறை) என்று இருந்தால் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். எடைபோட்டு அளக்கும் பழைய முறை விதானோலைடு அல்லாததையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும்.

உரிம எண்ணையும் பாருங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருந்தால் அது உணவுத் துணைப்பொருள். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வரியும் இருக்கும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தனி உற்பத்தி உரிம எண் இருக்கும். இவற்றில் கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு: ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. இணையத்தில் விற்கும் கம்பெனியிடம் உங்கள் பேட்ச் எண்ணுக்கான ஆய்வறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். தர மறுத்தால் வேறு கம்பெனி.

கிழங்கு வாங்குவதில் தவறில்லை, ஆனால் வேலை இருக்கிறது. மாவுச்சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் பூச்சி விழும். துளை விழுந்தது, பொடி உதிர்வது, பூஞ்சை வாடை அடிப்பது வேண்டாம். உடைத்தால் சட்டென்று முறிந்து உள்ளே வெளுத்திருக்க வேண்டும். சித்த முறையில் இதைப் பாலில் பிட்டவியல் செய்து சுத்தி (தூய்மை) செய்வார்கள். பானையில் பாதி பாலும் பாதி தண்ணீரும் ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் இடித்த பொடியை வைத்து மூடி, ஆவியில் அவித்து, உலர்த்தி, மறுபடி இடித்துச் சலிப்பது. இதில் தவறு நடப்பது உலர்த்துவதில்தான். பால் ஆவி பட்ட பொடி அரைகுறை ஈரத்தோடு டப்பாவுக்குப் போனால் பத்தே நாளில் பூஞ்சை பூக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்காமல் உதிர வேண்டும். சுத்தி செய்துவிட்டால் கல்லீரலுக்கு ஒன்றும் வராது என்று நினைக்க வேண்டாம், அதற்கு ஆதாரம் இல்லை.

வெறும் வயிற்றில் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்கு கம்மி (மெல்லும் ஜெல்லி மிட்டாய்) வடிவில் வருகிறதே, கொடுக்கலாமா? சீந்திலும் சேர்த்துச் சாப்பிடலாமா?
வாசகர், சென்னை

சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள், அளவைப் பாதியாக்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டாம், கம்மி என்றால் மிட்டாய் என்று நினைத்து டப்பாவையே காலி செய்வார்கள். சீந்திலாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, குறிப்பாகத் தன்னெதிர்ப்பு நோய் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவது) உள்ளவர்களிடம். இரண்டையும் சேர்த்தால் பிரச்சினை வரும்போது எது காரணம் என்றே தெரியாது.

பக்கவிளைவு வந்தால் எங்கே புகார் செய்வது? மருத்துவர் "இதெல்லாம் எழுதிக்கொடுக்க முடியாது" என்கிறார்.
வாசகி, கடலூர்

மருத்துவர் எழுதித்தர வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம். தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. சித்த மருந்துகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் கண்காணிப்பு மையம் இருக்கிறது. நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை அல்ல; சந்தேகம் இருந்தாலே போதும். அழைக்கும் முன் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எந்தத் தேதியில் ஆரம்பித்தீர்கள், நாளுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் தொல்லை தொடங்கியது, எப்போது நிறுத்தினீர்கள், கூடவே சாப்பிட்ட மற்ற மருந்துகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் மீதி மாத்திரை இருந்தால் மூடி வையுங்கள், கேட்டால் ஆய்வுக்குக் கொடுக்க உதவும்.